பந்து வருமுன் திரும்பிப் பார்ப்பவன்

சென்னையின் எஃப்.சி. என்னும் நம்முடைய கால்பந்து அணி, 2024-25ஆம் ஆண்டின் இந்தியன் சூப்பர் லீக் பந்தயத்தில் 13 அணிகளுள் 11ஆவதாக வந்து நின்றபோது, அந்த வீழ்ச்சிக்குக் காரணம் யார் என்ற விசாரணை சென்னையில் எவ்வளவு மும்முரமாக நடந்ததோ அறியேன். மதுரையில், தல்லாகுளத்துப் பக்கம் நாங்கள் சிலர் மாலை வேளைகளில் கூடுகிற டீக்கடை வாசலில், அது மிகுந்த சிரத்தையோடு நடைபெற்றது என்பதற்கு நானே சாட்சி. இங்கிருந்து சென்னை ஏறக்குறைய 460 கிலோமீட்டர். ஆட்டத்தை நேரில் பார்க்கவேண்டுமானால், விடியற்காலையில் வைகை எக்ஸ்பிரஸ் ஏறி, மத்தியானத்தில் எழும்பூரில் இறங்கி, வெயிலில் பொழுதைத் தள்ளி, இரவு ஏழரை மணிக்கு நேரு ஸ்டேடியத்துக்குள் நுழையலாம். திரும்பி வருவதுதான் தொல்லை. ஆட்டம் முடிகிற வேளையும் பாண்டியன் எக்ஸ்பிரஸ் எழும்பூரை விட்டுப் புறப்படுகிற வேளையும் ஏறக்குறைய ஒன்றாகவே இருப்பதால், தோற்ற துக்கத்தோடு கிளாம்பாக்கம் வரை போய்ப் பஸ் பிடிக்க வேண்டும். ஆகவே எங்களில் பெரும்பாலோர் அந்த அணியைக் கைபேசித் திரையில் மட்டுமே தரிசித்தவர்கள். ஆனாலும் அபிமானத்துக்குக் குறைவில்லை. அபிமானத்தைவிட அபிப்பிராயத்துக்குக் குறைவேயில்லை.

சபையில் முக்கியமானவர்கள் நால்வர். பள்ளிக்கூடத்தில் பி.டி. வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர். ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில் இன்னமும் பையன்களைச் சேர்த்துப் பந்து பழக்குகிறவர். வங்கியில் வேலை பார்க்கும் ஒருவர். எந்தப் பேச்சையும் இலக்கத்தில் தொடங்கி இலக்கத்தில் முடிக்கிற சுபாவம். மேலூர்ப் பக்கத்திலிருந்து லோடு ஆட்டோ ஓட்டிக்கொண்டு வருகிற இளைஞன். ஊரில் செவன்ஸ் என்னும் எழுவர் ஆட்டங்களில் தடுப்பு வரிசையில் நிற்பவன், ஆட்டமும் பேச்சும் ஒரே வேகம். நான்காமவர் கடையின் டீ மாஸ்டர். பாலக்காட்டுக்காரரான அவர் கேரளா பிளாஸ்டர்ஸ் அணியின் பக்தர். எங்கள் துக்கம் அவருக்குத் திருவிழா. அந்த அணி மூன்று முறை இறுதி ஆட்டத்துக்குப் போய் மூன்று முறையும் தோற்றது என்பதை நாங்கள் ஞாபகப்படுத்தும்போது மட்டும் டீயில் சர்க்கரை குறைந்துவிடும்.

அன்றைய விவகாரத்தை ஆட்டோக்காரத் தம்பிதான் தொடங்கி வைத்தான்.

"முன்னாடி நிக்கிறவன் என்னண்ணே பண்ணுவான்? பந்து வந்தாத்தேன அடிக்க முடியும்? நடுவுல பிளேமேக்கர்னு ஒரு ஆள் கெடையாது. பின்னாடி இருந்து தூக்கிப் போடுறாய்ங்க, இவன் அங்கிட்டும் இங்கிட்டும் ஓடிக்கிட்டே கிடக்கான்."

"ஆள் இல்லையா?" என்று வங்கிக்காரர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். "கானர் ஷீல்ட்ஸ் போன சீசன்ல எத்தனை பந்து எடுத்துக் குடுத்தான்னு கணக்கு இருக்கு தம்பி. கோலுக்கு வழி பண்ணிக் குடுத்ததுல லீக்லயே முன்வரிசையில நின்ன ஆளு. வாங்கி உள்ள போட ஆளில்லைன்னு சொல்லு, ஒத்துக்கிறேன்."

இரண்டு வாதத்திலும் நியாயம் இருந்தது; அதனாலேயே அது முடிவதாயில்லை. ஷீல்ட்ஸ் உழைப்பாளி என்பதில் ஆக்ஷேபணைக்கு இடமில்லை. ஆனால் அவர் ஓரத்திலிருந்து உள்ளே வெட்டி வந்தும், ஓடி ஓடி இடம் கண்டுபிடித்தும் பந்து கொடுத்தவர். நான் சொல்லும் பிளேமேக்கர் வேறு ஜாதி. மைதானத்தின் நடுவில், எதிராளிகள் நெருக்கிப் பிடிக்கும் இடத்திலேயே நின்று, முன்னால் ஓடத் தயாராயிருக்கும் மூவரில் யாருக்கு, எந்தக் கணத்தில், எவ்வளவு வேகத்தில் பந்து போய்ச் சேர வேண்டும் என்பதைத் தன் ஒருவன் பொறுப்பாக எடுத்துக்கொள்கிறவன் அவன். நம் பக்கத்துக் கண்மாய்களில் நீர்பாய்ச்சி என்று ஒருவர் இருப்பார். அவர் நாற்று நடுவதுமில்லை, கதிர் அறுப்பதுமில்லை, ஆனால் எந்த வயலுக்கு எப்பொழுது மடை திறக்க வேண்டும் என்பது அவர் மனத்தில் இருக்கிறது. அவர் இல்லாத வருஷத்தில்தான் தண்ணீர் இருந்தும் பயிர் கருகுவது தெரியும்.

சென்னையின் அணியின் சரித்திரத்தை இந்தக் கண்ணோடு பார்த்தால், அதன் ஏற்ற இறக்கங்களுக்கு ஓர் ஒழுங்கு இருப்பது தெரியவரும். 2014இல் அணி பிறந்த வருஷத்திலேயே எலானோ என்ற பிரேசில் நாட்டு நடுக்கள வீரர், 8 கோல் போட்டு அந்த லீகின் தங்கக் காலணியைப் பெற்றார். அணியும் லீக் சுற்றில் முதலிடம் பெற்றது. மறு வருஷம் எலானோவோடு ரஃபேல் அகுஸ்டோவும் சேர, மெண்டோசா என்னும் கொலம்பியர் 13 கோல் அடித்தார். சென்னை வெள்ளத்தில் மூழ்கியிருந்ததால் சொந்த ஊரில் ஆட வேண்டிய அரையிறுதியைப் புணேயில் ஆடி வென்று, பின்னர் கோவாவில் 90ஆம் நிமிஷம் வரை 1-2 என்று பின்தங்கியிருந்த இறுதி ஆட்டத்தை இரண்டே நிமிஷங்களில் 3-2 என்று புரட்டிப்போட்டு, கோப்பையை எடுத்தார்கள். அந்த இரவில் டீக்கடை அடைக்கப்படவில்லை.

2017-18இல் ஜான் கிரெகரி பயிற்சியாளராக இருந்து மீண்டும் கோப்பை வந்தது. அகுஸ்டோ இருந்தார், ஸ்லோவேனியா நாட்டு ரெனே மிஹெலிச் இருந்தார், வியாசர்பாடி மண்ணில் பந்து பழகிய தன்பால் கணேஷ் நடுவில் தடுப்பணை போல நின்றார். ஆனால் இந்த இடத்தில் வங்கிக்காரர் விடமாட்டார்.

"பெங்களூரு ஃபைனல்ல மூணு கோல்ல ரெண்டு எப்படி வந்துச்சு? கார்னர். மெயில்சன் ஆல்வஸ், டிஃபெண்டர், தலையால முட்டுனான். அதுல பிளேமேக்கருக்கு என்ன வேலை?"

"அந்தக் கார்னர் வானத்துல இருந்து விழுந்துச்சா?" என்று வாத்தியார் முதல்முறையாக வாய் திறந்தார். "எதிராளி பயந்து போய் வெளிய தள்ளுனாத்தான் கார்னர். பயப்பட வச்சது யாரு? அப்புறம், மூணாவது கோல் யாரு போட்டது? அகுஸ்டோ."

வங்கிக்காரர் சற்று மௌனமானார், தோற்றதாக ஒப்புக்கொள்ளவில்லை.

அடுத்த வருஷம் மிஹெலிச் டெல்லிக்குப் போய்விட்டார். கணேஷ் முழங்கால் காயத்தால் படுத்துவிட்டார். கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு பருவத்தைத் தொடங்கிய அணி 18 ஆட்டங்களில் இரண்டே வெற்றி பெற்று, 9 புள்ளிகளோடு கடைசி இடத்தில் போய் அமர்ந்தது. விசித்திரம் என்னவெனில், அதே பருவத்தின் நடுவில், 2019 ஜனவரியில், ஆசியக் கோப்பையில் தாய்லாந்தை இந்தியா 4-1 என்று வென்றபோது, அந்த நான்கில் இரண்டு கோல்களைப் போட்டவர்கள் சென்னையின் அணியின் அனிருத் தாப்பாவும் ஜெஜேயும்தான். ஆட்கள் கெட்டுப்போகவில்லை, அவர்களைச் சேர்த்துக் கட்டிய கயிறு அறுந்துபோயிருந்தது என்றே நான் அனுமானிக்கிறேன்.

ஓவன் கோய்ல் என்ற ஸ்காட்லாந்துக்காரருடைய கதை இந்த அனுமானத்தை இன்னும் உறுதிப்படுத்துகிறது. 2019 டிசம்பரில், தள்ளாடிக்கொண்டிருந்த சென்னையின் அணியின் பொறுப்பை அவர் ஏற்றார். அப்பொழுது ரஃபேல் கிரிவெல்லாரோ என்ற பிரேசில்காரர் நடுவில் இருந்தார். அந்தப் பருவத்தில் அவர் தாமே 7 கோல் போட்டார். பிறருக்கு 8 கோல் போட வழி செய்தார். முன்னால் நின்ற லித்துவேனியாவின் வால்ஸ்கிஸ் 15 கோல் குவித்துத் தங்கக் காலணி பெற்றார். கடைசி வரிசையிலிருந்து புறப்பட்ட அணி, கோவாவை அரையிறுதியில் மொத்தக் கணக்கில் 6-5 என்று சாய்த்து, 2020 மார்ச் 14 அன்று, கொரோனா பயத்தால் ஒரு பார்வையாளரும் இல்லாத ஸ்டேடியத்தில், இறுதி ஆட்டம் ஆடி ஏ.டி.கே.யிடம் 1-3 என்று தோற்றது. பிறகு கோய்லும் வால்ஸ்கிஸும் ஜாம்ஷெட்பூருக்குப் போனார்கள். அங்கே 2021-22இல் கோய்லுக்குக் கிரெக் ஸ்டூவர்ட் என்னும் ரத்தினம் அகப்பட்டது. 10 கோல், பிறருக்கு வழிசெய்த கோல் 10. ஜாம்ஷெட்பூர், லீக் சுற்றில் முதலிடம் பெறும் அணிக்குரிய ஷீல்டை வென்றது. ஸ்டூவர்ட் மறு வருஷம் மும்பைக்குப் போனார், மும்பை ஷீல்டை வென்றது. 2024-25இல் மோகன் பகானுக்குப் போனார், மோகன் பகான் ஷீல்டையும் கோப்பையையும் சேர்த்து வென்றது. கோய்ல் 2023இல் சென்னைக்குத் திரும்பி வந்தார். கிரிவெல்லாரோவும் திரும்பி வந்தார். அணி 6ஆம் இடம் பெற்று பிளே-ஆஃப் வரை போயிற்று. அதற்கு அடுத்த பருவத்தில் 11ஆம் இடம். ஒரே பயிற்சியாளர், ஒரே பயிற்சி முறை, ஏறக்குறைய ஒரே பேச்சு. பலன் மட்டும் நடுவில் நின்ற மனிதரைப் பொறுத்து மாறி மாறி வந்திருக்கிறது.

இவ்விடத்தில் 2020-21ஆம் பருவத்தையும் சொல்லியாக வேண்டும். 2021 ஜனவரியில் கிரிவெல்லாரோ காயம்பட்டு அந்தப் பருவம் முழுவதும் ஆட இயலாது போனார். 20 ஆட்டங்களில் 11 சமநிலை. மொத்தமே 17 கோல். தோற்காமலிருக்கத் தெரிந்த, ஜெயிக்கத் தெரியாத அணி அது. அதைப் பார்த்தவர்களுக்கே அதன் வேதனை தெரியும்: பந்து நம்மவர்களிடம் இருக்கும், இடமிருந்து வலம், வலமிருந்து இடம், மறுபடியும் கோல்கீப்பர், கோயில் பிராகாரத்தைச் சுற்றி வந்துகொண்டே இருக்கிறார்கள், சந்நிதிக்குள் ஒருவரும் நுழைவதில்லை என்று வாத்தியார் அப்போது சொன்னார்.

வங்கிக்காரர் இதற்கெல்லாம் ஒரு பெரிய பதில் வைத்திருந்தார். உலகமே அந்த மாதிரி ஆட்டக்காரர்களைக் கைவிட்டுவிட்டது என்பது அவருடைய கட்சி. அர்ஜென்டினாவின் ரிக்கெல்மே போல நின்று நிதானித்து ஆட்டத்தைப் பின்னுகிற காலம் மலையேறிவிட்டது. எதிராளி பந்தைப் பிடித்த மறுகணமே அவன் பாதியிலேயே பாய்ந்து பிடுங்கினால் கிடைக்கும் வாய்ப்புக்கு எந்தப் பிளேமேக்கரும் ஈடல்ல என்று ஜெர்மானியப் பயிற்சியாளர் யூர்கன் க்ளாப்பே சொல்லியிருக்கிறார். கேட்பதற்கு இது கம்பீரமான சித்தாந்தம்தான். ஆனால் க்ளாப் லிவர்பூலில் இருந்துகொண்டு பேசினார். சென்னைக் கடற்கரையின் புழுக்கத்தில், இரவு ஏழரை மணிக்கும் சட்டையைப் பிழிந்தால் ஒரு சொம்பு நீர் வரும் இடத்தில், 90 நிமிஷமும் பாய்ந்து பிடுங்குவதென்பது மனித தேகத்தால் ஆகிற காரியமில்லை. அறுபதாவது நிமிஷத்துக்குப் பிறகு நம் வீரர்கள் இடுப்பில் கைவைத்துக்கொண்டு நிற்பதை யாரும் பார்த்திருக்கலாம். இந்தத் தட்பவெப்பத்தில் பந்துதான் ஓட வேண்டும், ஆள் ஓடக்கூடாது. ஆகவே உலகத்துக்கு வேண்டாமற்போனாலும் நமக்குப் பிளேமேக்கர் வேண்டும் என்பது என் கட்சி.

அப்படியானால் ஒருவரை விலைக்கு வாங்கிவிடுவதுதானே? எல்லா விவாதமும் கடைசியில் இந்த வாய்க்காலில்தான் போய் விழுகிறது. பிரேசிலிலா, ஸ்பெயினிலா, எவ்வளவு சம்பளம் என்று பேச ஆரம்பித்தால் பொழுது போவதே தெரியாது. எலானோ, அகுஸ்டோ, மிஹெலிச், கிரிவெல்லாரோ என்று ஒவ்வொரு முறையும் கடல்கடந்து ஒருவரைக் கொண்டுவந்தார்கள். அவர் இருக்கும்வரை அணி இருந்தது. அவர் போனபின், அல்லது அவருடைய கணுக்கால் போனபின், அணியும் போயிற்று. அவருக்குப் பக்கத்தில் நின்று பார்த்துக் கற்றுக்கொண்டவன் ஒருவனாவது அந்த இடத்தில் வந்து நிற்கக் காணோம். தாப்பா ஒருவர் வளர்ந்தார். அவரையும் 2023இல் மோகன் பகான் கொண்டுபோய்விட்டது. களத்தில் ஒரே சமயத்தில் நிற்கக்கூடிய வெளிநாட்டார் ஐவர் என்பது 2021-22 முதல் நால்வர் என்று சுருங்கியபின், அந்த நான்கு இடத்துக்கும் தடுப்பவனும் கோல் அடிப்பவனும் போட்டியிட, நடுவில் நிற்பவனுக்கு மிஞ்சுவது அதிருஷ்டம் மட்டுமே.

வெளிநாட்டாரை வைத்தே வெற்றிபெற்ற உதாரணமும் தமிழ்நாட்டில் இல்லாமலில்லை. சென்னையின் அணி கடைசியாக வந்த அதே 2018-19இல், சென்னை சிட்டி என்ற பெயரோடு கோயமுத்தூரில் ஆடிய மற்றோர் அணி ஐ-லீக் என்னும் தேசிய லீகின் சாம்பியனாயிற்று. ஸ்பெயினிலிருந்து வந்த நால்வர், 21 கோல் அடித்த பெட்ரோ மான்சி, அவருக்குப் பின்னால் நின்று பந்தை ஊட்டிய நெஸ்டர், சிங்கப்பூர்ப் பயிற்சியாளர் அக்பர் நவாஸ். அவர்களோடு எட்வின் வான்ஸ்பால், ரொமாரியோ ஜேசுராஜ் முதலிய நம் பையன்களும் தரையோடு தரையாகப் பந்தைத் தட்டி ஆடியதைப் பார்த்து நான் பிரமித்துப்போனேன். அந்த அணி பின்னர் தேசிய லீகிலிருந்தே மறைந்துவிட்டது. அது வேறு சோகம்.

நம்மிடமிருந்து யார் யார் போயிருக்கிறார்கள் என்று எண்ணிப் பார்க்கையில் ஓர் உண்மை புலப்படுகிறது. 1960 ரோம் ஒலிம்பிக்கில் இந்தியாவுக்காக ஆடிய சைமன் சுந்தர்ராஜ், கொச்சி அணிக்காகக் கோல் குவித்த ராமன் விஜயன், தடுப்பு வரிசையில் நாமக்கல் மோகன்ராஜும் திருச்சி தர்மராஜ் ராவணனும், இடது ஓரத்தில் பறந்த கன்னியாகுமரிக் கடற்கரையின் மைக்கேல் சூசைராஜ். கோல் அடிப்பவர், கோலைத் தடுப்பவர், ஓரத்தில் ஓடுபவர். நடுவில் நின்று ஆட்டத்தைக் கட்டியவர் என்று கேட்டால், 2003இல் ஜகார்த்தாவில் ஆசியான் கோப்பையை வென்ற ஈஸ்ட் பெங்கால் அணியில் இருந்த தஞ்சாவூர்க் குலோத்துங்கனுடைய பெயரைச் சொல்லிவிட்டுச் சற்று நேரம் யோசிக்க வேண்டியிருக்கிறது. அந்த அருமையான மனிதர் 2018இல் சாலை விபத்தில் மாண்டார்.

காரணம் என்ன? ஆட்டோக்காரத் தம்பியின் அணி ஆடிய செவன்ஸ் ஆட்டம் ஒன்றைப் பார்க்க, மேலூருக்குக் கிழக்கே ஒரு கிராமத்துக்குப் போயிருந்தேன். விடை அங்கே என் கண்முன்னால் நடந்தேறியது. சித்திரை மாதம், கண்மாய் வற்றி, அதன் உள்வாய்தான் மைதானம். சவுக்குக் கம்பில் கோல் போஸ்ட், மீன்வலையில் நெட், சுண்ணாம்புக் கோடு, மைக்செட்டில் ஓயாத வர்ணனை, முதல் பரிசு கோப்பையோடு ஒரு கிடாய். காய்ந்த வண்டல் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. அதன்மேல் உருட்டிவிடும் பந்து எப்போது எகிறும், எந்தப் பக்கம் திரும்பும் என்று அந்தக் கண்மாய்க்கே தெரியாது; கோட்டைத் தாண்டிப் போனாலோ சீமைக் கருவேலம் முள். ஆகவே புத்தியுள்ளவன் அங்கே பந்தைத் தரையில் வைத்துக்கொள்வதில்லை. நெஞ்சில் வாங்குவான், தூக்கி அடிப்பான், வேகமுள்ளவன் விரட்டிக்கொண்டு ஓடுவான். அந்த நிலத்துக்கு அதுவே சாமர்த்தியம். அந்த நிலத்தில் வளர்கிறவனிடம் முப்பது கஜம் தரையோடு போகும் பாஸை எதிர்பார்ப்பது நியாயமாகுமா?

ஆனால் தரை மட்டுமே குற்றவாளி அல்ல. தம்பியின் அணியில் பதினாறு வயதுப் பையன் ஒருவன் நடுவில் நின்றான். ஒல்லி, முழங்கால் வரை புழுதி. எல்லாரும் பந்தையே பார்த்துக்கொண்டிருக்க, அவன் ஒருவன் மட்டும், பந்து தன்னிடம் வருமுன் ஒரு முறை இடப்புறமும் ஒரு முறை வலத்தோளுக்கு மேலாகவும் தலையைத் திருப்பிப் பார்த்தான். நார்வே நாட்டு ஆராய்ச்சியாளர் கெய்ர் ஜோர்டெட் என்பவர், இங்கிலாந்து பிரீமியர் லீக் வீரர்கள் பந்து வருமுன் எத்தனை முறை இப்படிச் சுற்றிப் பார்க்கிறார்கள் என்று படமெடுத்து எண்ணியபோது, அதிகம் பார்ப்பவர்களின் பாஸே அதிகம் போய்ச் சேர்கிறது என்று கண்டார்; அதில் முன்னணியில் நின்றவர் ஃபிராங்க் லாம்பார்டு. அந்தப் பையனுக்கு ஜோர்டெட்டையும் தெரியாது, லாம்பார்டையும் தெரிந்திருக்க நியாயமில்லை. முதல் பந்தை வாங்கினான், ஒரே தட்டில் இரண்டு பேருக்கு நடுவே செலுத்தினான். முன்னால் ஓடியவனுடைய காலடியில் போய் விழுந்தது. அவன் அதைக் கோட்டைவிட்டான் என்பது வேறு. இரண்டாம் முறையும் அதே பார்வை, அதே தட்டு. இம்முறை பந்து ஒரு மண்கட்டியில் பட்டுத் திரும்பி எதிராளி காலில் சிக்க, அடுத்த ஏழு எட்டு விநாடியில் கோல் விழுந்தது.

"என்னடா அங்க கழுத்தச் சிலுப்பிக்கிட்டு நிக்கிற! தூக்கி அடிடா வெளிய!"

கோட்டோரத்திலிருந்து நூறு தொண்டைகள் கத்தின. களத்துக்குள்ளிருந்து எல்லோரையும்விட உரக்கக் கத்தியவன், பிளேமேக்கர் இல்லையே என்று முதல்நாள் மாலைதான் டீக்கடையில் அங்கலாய்த்த நம்முடைய ஆட்டோக்காரத் தம்பி. பையனைக் கூப்பிட்டு உட்கார வைத்துவிட்டு, அவன் இடத்தில் உயரமான ஒருவனை இறக்கினார்கள். கிடாய் கிடைத்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். தூக்கி அடித்தே ஜெயித்தார்கள்.

ஓரத்தில் ஓடுகிறவன் பத்து முறை பந்தை இழந்தாலும், பதினோராம் முறை ஓடும்போது கூட்டம் எழுந்து நிற்கிறது. நடுவில் நிற்பவன் ஒருமுறை இழந்தால் அவனுக்கு மன்னிப்பில்லை, ஏனெனில் அவன் இழக்கும் இடத்திலிருந்து நம் கோலுக்கு வழி நேராகத் திறந்து கிடக்கிறது. கோல் விளையும் பாஸ் ஒவ்வொன்றும் இயல்பிலேயே துணிகரமானது. உலகத்தின் மிகப் பெரிய ஆட்டக்காரர்களுடைய அத்தகைய பாஸ்களிலும் பல வீணாகின்றன. அப்படி வீணாக்கும் அதிகாரத்தைச் சிறு வயதிலேயே ஒருவனுக்குக் கொடுத்து, கொடுத்ததைத் திரும்பப் பெறாமல் காத்திருக்கிற பயிற்சியாளரும் சக ஆட்டக்காரரும் பார்வையாளரும் சேர்ந்தே ஒரு பிளேமேக்கரை உண்டாக்குகிறார்கள். சென்னையின் நிர்வாகம் வெளிநாட்டவரை அழைத்துவருவதில் எனக்குத் தோன்றும் ரகசியமும் இதுதான்: நாம் கத்தினாலும் அவருக்குத் தமிழ் புரியாது.

இப்போது ஊரெங்கும் மணிக்கணக்கில் வாடகைக்கு விடும் டர்ஃப் மைதானங்கள் வந்திருக்கின்றன. வலைக்கூண்டுக்குள் ஐவருக்கு ஐவர். தரை சமம், பந்து சொன்ன பேச்சைக் கேட்கிறது. அங்கே ஆடும் பையன்களுக்குப் பாஸ் நன்றாகவே படிகிறது. களம் சின்னதாயிருப்பதால் தூரத்தைப் பார்க்கும் கண் மட்டும் அவர்களுக்கு அமைவதில்லை. வாடகை கொடுக்க முடியாதவன் வெளியே நிற்கிறான் என்பதும் உண்டு.

மற்றொன்றும் சொல்ல வேண்டும். சொன்னால் சபையில் கோபித்துக்கொள்கிறார்கள். சென்னையினுக்காக இத்தனை கண்ணீர் விடும் நாங்கள், மதுரையின் பெயரைச் சொல்லி ஆடும் சேது எஃப்.சி. என்ற பெண்கள் அணி 2019 மே மாதம் லூதியானாவில் மணிப்பூர் போலீஸ் அணியை 3-1 என்று வென்று இந்திய மகளிர் லீகின் சாம்பியனானபோது, எத்தனை பேர் அதைப் பார்த்தோம்? 2022இல் கோகுலம் கேரளாவிடம் கடைசி ஆட்டத்தில் தோற்று இரண்டாவதாக வந்தார்கள். அதையும் டீ மாஸ்டர் சொல்லித்தான் பலருக்குத் தெரிந்தது. கடலூரில் பிறந்து, சேதுவுக்காகவும் இந்தியாவுக்காகவும் நடுக்களத்தில் ஆடிய இந்துமதி கதிரேசனுடைய ஆட்டத்தை ஒருமுறை பாருங்கள் என்று நான் வற்புறுத்தினேன். வங்கிக்காரர் அன்றிரவே கைபேசியில் பார்த்தார் போலும். மறுநாள் வந்து, "அந்தப் பொண்ணு பந்து வாங்குறதுக்கு முன்னாடியே முடிவு பண்ணிருது" என்றார். அவர் வாயிலிருந்து இலக்கமில்லாமல் வெளிவந்த வாக்கியங்களுள் அது ஒன்று.

2025 ஜூலையில் லீக்கே நிறுத்திவைக்கப்பட்டபோது விவாதிக்க விஷயமே இல்லாமற்போய், வாத்தியாருடைய ஞாயிற்றுக்கிழமைப் பயிற்சியைப் பார்க்கப் போக ஆரம்பித்தோம். அங்கே ஒரு பழக்கம். பையனுக்குப் பந்து வரும்போது வாத்தியார் அவன் முதுகுக்குப் பின்னால் போய்க் கையை உயர்த்தி விரலைக் காட்டுவார். பந்து காலில் படுமுன் எத்தனை விரல் என்று அவன் சத்தமாகச் சொல்ல வேண்டும். தப்பாகச் சொன்னால் பந்து எதிர்க்கட்சிக்கு. பாஸ் தவறினால் ஒன்றுமில்லை. தூக்கி அடித்தால் மட்டும் ஒரு சுற்று ஓட்டம். முதலில் பையன்கள் சிரித்தார்கள், பிறகு பந்தைக் கோட்டைவிட்டார்கள், பிறகு சிலருக்குக் கழுத்து தானாகத் திரும்ப ஆரம்பித்தது. மேலூர்ப் பையனை வாராவாரம் லோடு ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வருபவன் யாரென்று நான் சொல்ல வேண்டியதில்லை. கண்மாயில் கத்தியதைப் பற்றி அவனும் பேசுவதில்லை, நாங்களும் கேட்பதில்லை.

ஒருநாள் பயிற்சி முடிந்து கடைக்கு வந்ததும் அவனே கேட்டான்: "சார், இவன் சென்னையினுக்கு ஆடணும்னா எத்தனை வருசம் ஆகும்?"

"எல்லாம் ஒழுங்கா நடந்தா ஏழெட்டு வருசம்."

"அதுவரைக்கும் நாங்க என்ன சார் பண்றது?"

டீயை உயரத்திலிருந்து ஆற்றிக்கொண்டே மாஸ்டர் சொன்னார்: "அதுவரைக்கும் பிளாஸ்டர்ஸ் மஞ்சள் சட்டை போட்டுக்கோங்க. என்கிட்ட ரெண்டு இருக்கு."